குச்சிக்கிழங்கு மாவில் மூன்றாவது கோடு

ஜனவரி 9, செவ்வாய்

நான் கண்டுபிடித்ததைப் பொய் என்று சொல்லிவிட்டார்கள். 1986இல் ஓர் அறைக்குள் வைத்துச் சொன்னார்கள். இப்போது அச்சிலேயே ஏற்றிவிட்டார்கள். இடையில் நான் ஓய்வு பெற்று, ஒரு கண்ணில் புரை எடுத்து, சேலம் அஸ்தம்பட்டியில் தங்கை வீட்டு மாடிக்கு வந்து சேர்ந்தேன். ஆள் போய்விட்டாள் என்று நினைத்திருப்பார்கள்.

இந்தியாவில் குரங்குகளின் இரத்த மரபியலில் நடந்த வேலைகளையெல்லாம் தொகுத்து, டாக்டர் எட்வின் தேவசகாயம் என்பவர் நீண்ட கட்டுரை ஒன்று எழுதியிருக்கிறார். இன்று கணினியில் படித்தேன். நடுவில் ஒரு வாக்கியம்: அரளிக்கரட்டுக் குரங்குகளில் மூன்றாவது கோடு உண்டு என்று ஒரு பணியாளர் சொன்னது, உள்ளூர் மரவள்ளி மாவைப் பயன்படுத்தியதால் நேர்ந்த பிழை.

ஒரு பணியாளர்! என் பெயர் அ. திரிபுரசுந்தரி. ஆராய்ச்சி அலுவலராகப் பணி முடித்தவள். டாக்டர் பட்டம் இல்லை. பெயர் இருக்கிறது.

இனி நடப்பதை எல்லாம் தேதி போட்டு எழுதிவைக்கப் போகிறேன். நாளை யாராவது படித்தாலும் விளங்க வேண்டும் என்பதால் முதலிலிருந்தே சொல்கிறேன். இரத்தச் சிவப்பணுவுக்குள் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்றொரு நொதி உண்டு. உடம்பில் சேரும் கரியமில வாயு மூச்சோடு வெளியேற அதுதான் உதவுகிறது. மாவைக் கூழாகக் காய்ச்சி, தட்டில் ஊற்றி ஆறவிட்டால் ஜெல். இரத்தத்தில் நனைத்த காகிதத் துண்டை அதில் செருகி மின்சாரம் விட்டால், நொதிகள் தத்தம் வேகத்தில் நகரும்; ஓட்டுவது என்போம் இதை. பிறகு மருந்து பூசிப் புற ஊதா விளக்கில் பிடித்தால் நொதி நின்ற இடம் பச்சைக் கோடாக ஒளிரும். நாட்டுக்குரங்குக்கு இரண்டு கோடு. அரளிக்கரட்டு மலையில் வாழும் குரங்குகள் பலவற்றுக்கு மூன்று. கூடுதலாக ஒரு கோடு என்றால் அந்த மரபணுவிலேயே ஒரு மாற்றம் இருக்கிறது என்று பொருள்.

உலகம் முழுக்க இதற்கு உருளைக்கிழங்கு மாவு. டின்னில் அடைத்து வெளிநாட்டிலிருந்து வரும். எங்கள் நிறுவனத்தில் அந்த டின் இயக்குநர் டாக்டர் பசுபதீஸ்வரன் அறையில் பூட்டி இருந்தது. நான் சேலத்துக் குச்சிக்கிழங்கு மாவை, மரவள்ளிக்கு இங்கே அதுதான் பெயர், பக்குவப்படுத்தி ஜெல் போட்டேன். அதில்தான் கோடு வந்தது. அவர் சொன்ன தீர்ப்பு இது: “மலையிலேர்ந்து பஸ்ல வந்த ரத்தம்மா. கெட்டிருக்கும். கெட்ட ரத்தம் உன் மாவுல கோடு காட்டுது. என் மாவுல ஓட்டிப் பாத்தேன், ஒண்ணும் வரல.”

ஓட்டிப் பார்த்தாராம். அவர் ஓட்டியதை நான் பார்க்கவில்லை.

ஜனவரி 10, புதன்

எட்வினுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். தட்டச்சு செய்யக் காலைப் பொழுது முழுக்க ஆயிற்று. லோசனி இரண்டு முறை மாடியேறி வந்தாள். மீனலோசனி என் தங்கை; வீடு அவளுடையது; மாடியும் கோபமும் என்னுடையவை.

“ஏங்க்கா, அவரு எழுதுனது ஒரு வரி. அதுக்கு ஏழு பக்கமா?”

“அந்த ஒரு வரிக்குள்ள என் ஆயுசு இருக்குடி.”

“இருக்கட்டும், எங்கியும் ஓடாது. ரசம் ஆறுது, வாங்க.”

தண்ணீர்த் தொட்டி கழுவ ஆள் வரவில்லை.

ஜனவரி 13, சனி

எட்வின் தொலைபேசியில் அழைத்தார். நாகர்கோவில்காரர். குரலில் நாற்பது வயது தெரிகிறது.

“மேடம், உங்க மெயில ரெண்டு தடவை படிச்சேன்.”

“மூணாவது தடவையும் படிங்க.”

“படிக்கேன் மேடம். ஆனா அதுல கோவம் இருக்கு, டேட்டா இல்ல.”

“டேட்டாவ எண்பத்தாறுலயே குடுத்தாச்சு.”

“ஒரு ஜெல் போட்டோகூட இல்லியே மேடம்?”

இல்லைதான். எடுத்த படமெல்லாம் பூஞ்சை பிடித்துவிட்டது. அதற்கு நான் என்ன செய்ய?

“நான் வாய்க்கு வந்தத எழுதல மேடம். பசுபதீஸ்வரன் சாரை நேர்ல பாத்துக் கேட்டுட்டுத்தான் எழுதினேன்.”

“அவர் இருக்காரா?”

“இருக்காரு. கோயம்புத்தூர்ல மக வீட்டுல. எண்பத்தெட்டு ஆச்சு. நல்லா பேசுறாரு.”

எனக்கு இது தெரியாது. தெரிந்துகொண்டதில் சந்தோஷம் என்று எழுத மாட்டேன். வருத்தம் என்றும் எழுத மாட்டேன்.

எட்வின் முடிக்கும்போது சொன்னது: “இப்ப உள்ள குரங்கு ரத்தத்துல அந்தக் கோட்டக் காட்டுங்க மேடம். நானே என் வரிய அழிக்கேன்.”

காட்டுகிறேன்.

ஜனவரி 16, செவ்வாய்

மாட்டுப் பொங்கல். கீழே விருந்தினர். நான் மாடியிலேயே இருந்து, மின்சாரம் கொடுக்கும் பழைய பெட்டியைத் துடைத்து வைத்தேன். வேலை செய்கிறது.

நான் வேதியியல் பி.எஸ்ஸி. 1973இல் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். தடுப்பூசி சோதிக்க வைத்திருந்த குரங்குகளுக்கு இரத்தப் பரிசோதனை செய்வது என் வேலை. ஒரே கூண்டில், ஒரே தீனி தின்னும் இரண்டு குரங்குகளின் இரத்தம் ஏன் வேறு வேறாக இருக்கிறது என்று ஒரு நாள் கேட்டேன். “அது மரபியல், உனக்கு வேண்டாம்” என்றார்கள். அந்தப் பதில்தான் என்னை மரபியலுக்குள் தள்ளியது. உதவியாளர்களுக்கு நூலகப் புத்தகத்தை வீட்டுக்குக் கொடுக்க மாட்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் அலமாரி ஓரம் நின்றே படித்தேன். புரியாததை மறுபடி படித்தேன். ஒரு பக்கத்துக்கு ஒரு வாரம் பிடித்ததும் உண்டு.

பிறகு நானே பிடித்து, நானே இரத்தம் எடுத்து, நானே ஓட்டினேன். குரங்குக்குத் தொடையில் எடுக்க வேண்டும். கண்ணைத் துணியால் மூடிவிட்டால் அடங்கிவிடும். ஒருமுறைகூட என்னைக் கடித்ததில்லை. சகாக்கள்தான்.

நான்கு சிறு கட்டுரைகள் வெளிவந்தன. ஐந்தாவது இந்த மூன்றாவது கோடு. அதை இயக்குநர் கையெழுத்துப் போடாமல் நிறுத்தினார். அதற்குப் பிறகு பதினாறு ஆண்டு வேலை செய்தேன். எதையும் எழுதவில்லை.

லோசனி பொங்கல் கொண்டுவந்து வைத்தாள். இனிப்பு அதிகம்.

ஜனவரி 23, செவ்வாய்

கால்நடை மருத்துவர் அங்கமுத்துவைப் பார்க்கப் போனேன். வனத்துறைக்கும் இவர்தான் வைத்தியம் பார்க்கிறார். அரளிக்கரட்டுக் கோயிலுக்கு வரும் பக்தர்களின் பைகளைக் குரங்குகள் பிடுங்குகின்றனவாம். அதனால் பிப்ரவரியில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்து, நோய் இருக்கிறதா என்று சோதித்து, தூரத்துக் காடுகளில் பிரித்து விடப்போகிறார்கள்.

எனக்கு உட்காரத் தோன்றவில்லை. அந்தக் கூட்டம் சிதறிவிட்டால் மூன்றாவது கோடும் வேறு கூட்டங்களில் கலந்து, இருக்கும் இடம் தெரியாமல் போய்விடும். அதற்குள் பார்த்தாக வேண்டும்.

“சோதனைக்கு எடுக்கற ரத்தத்துல மிச்சம் இருக்கும்ல தம்பி? அதக் குடுங்க.”

“மேடம், இத மெதுவாக் கேளுங்க. வெளிய ரெண்டு பேரு நிக்கறாங்க. குரங்கு ரத்தம்னா செய்வினைக்குன்னு நெனச்சுக்குவாங்க.”

“நான் உங்களவிட அதிகக் குரங்குக்கு ரத்தம் எடுத்தவ.”

“எடுத்திருப்பீங்க, அது அந்தக் காலம். இப்ப ஒரு சொட்டு வெளிய போகணும்னாலும் அனுமதி வேணும். நாகர்கோவில்காரர் ஒருத்தரு, எட்வின்னு, அவரு ஆய்வுக்கு வனத்துறை அனுமதி இருக்குது. அவரு சொன்னா நான் குடுத்துருவேன்.”

ஊரில் வேறு ஆளே இல்லையா?

ஜனவரி 29, திங்கள்

வேறு ஆள் இல்லை. எட்வினிடம் பேசினேன்.

“தாராளமா மேடம். ஆனா ரெண்டு மாவுலயும் ஓட்டணும். உங்க கிழங்கு மாவு, என் உருளைக்கிழங்கு மாவு. ஒரே ரத்தம், பக்கத்துல பக்கத்துல. டிஎன்ஏ பாக்க நானும் கொஞ்சம் எடுத்துக்குவேன். என்ன வந்தாலும் அதையே எழுதணும்.”

“எழுதுங்க. யாரு வேண்டாம்னா?”

“நீங்களும் எழுதணும் மேடம்.”

நிபந்தனை போடுகிறார். ஒப்புக்கொண்டேன். உருளைக்கிழங்கு மாவிலும் அந்தக் கோடு வரும். வந்தால் பசுபதீஸ்வரன் ஓட்டவே இல்லை என்பது ஊருக்குத் தெரிந்துவிடும். எனக்கு வேண்டியது அதுதான்.

பிப்ரவரி 6, செவ்வாய்

ஆத்தூர் சாலையில் ஒரு சேகோ பேக்டரிக்குப் போனேன். ஜவ்வரிசி ஆகுமுன் தொட்டியில் படியும் மாவு, வெயிலில் மட்டும் காய்ந்தது வேண்டும் என்றேன்.

மேஜையில் இருந்தவர், “எத்தன மூட்டைங்க?” என்றார்.

“அரைக் கிலோ.”

“பாயசத்துக்குன்னா ஜவ்வரிசியே வாங்கிக்கலாமுங்களே.”

“பாயசத்துக்கு இல்ல. குரங்கு ரத்தத்துக்கு.”

அவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார். ஆனால் நல்ல மாவாகவே கொடுத்தனுப்பினார்.

பிப்ரவரி 8, வியாழன்

மாவு பச்சையாக ஜெல்லுக்கு உதவாது. அமிலம் கலந்த அசிட்டோனில், உடம்புச் சூட்டில் வைத்துப் பதப்படுத்த வேண்டும். நேரம் குறைந்தால் கூழ் பசையாகும். கூடினால் ஜெல் கையில் உடையும். புத்தகத்தில் உள்ள நேரம் உருளைக்கிழங்குக்கு. குச்சிக்கிழங்குக்கு எவ்வளவு என்பதை நானே கெடுத்துக் கெடுத்துக் கற்றேன்.

மொட்டை மாடியில் வைத்துச் செய்தேன். வாசனை கீழே போய்விட்டது.

“அக்கா, பக்கத்து வீட்டம்மா நெயில் பாலிஷ் கம்பெனி வெச்சிருக்கீங்களான்னு கேக்கறா!”

“ஆமான்னு சொல்லு.”

“சொல்லிட்டேன். சாம்பிள் கேக்கறா.”

முதல் முறை கெட்டது. இரண்டாவது முறை சரியாக வந்தது. கை மறக்கவில்லை.

பிப்ரவரி 21, புதன்

ஜெல் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடும் நேரத்தில் எழுதுகிறேன்.

காலையில் அங்கமுத்து ஐஸ் பெட்டியோடு வந்தார். இன்று எடுத்த இரத்தம். அரளிக்கரட்டுக் குரங்குகளுடையதும், ஒப்பிட மேட்டூர் சாலைக் குரங்குகளுடையதும் உண்டு. அரளிக்கரட்டில் ஒரு தாயும் அதன் குட்டியும்கூட இருக்கின்றன. குட்டியிடம் ஒரு துளிதான் எடுத்திருக்கிறார். தன் இரத்தத்தையும் ஒரு குழாயில் கொண்டுவந்திருக்கிறார்.

“இது எதுக்கு தம்பி?”

“ஓட்டித்தான் பாருங்களேன் மேடம். எங்கூட்டுக்காரி ரொம்ப நாளாச் சந்தேகப்படறா.”

எட்வின் தன் டின்னோடு வந்தார். ஒல்லியான மனிதர், பணிவானவர். பணிவைப் பார்த்து நான் ஏமாறப் போவதில்லை. லோசனி அவருக்குத் தட்டுவடை செட் வாங்கிவரச் செய்தாள். மூன்றாவது தட்டைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அவள் இப்போது முழுக்க அவர் கட்சி.

இரண்டு கூழும் ஒரே அடுப்பில், ஒன்றன்பின் ஒன்றாக. அவருடையது நல்ல வெள்ளை. என்னுடையது சற்றே மங்கல். இரண்டு தட்டுகளிலும் ஒரே வரிசையில் காகிதத் துண்டுகளைச் செருகினோம். மேலே ஐஸ். சுவிட்சை நானே போட்டேன்.

“பயமா இருக்கா மேடம்?” என்றார் எட்வின்.

“உங்களுக்கு இருக்கணும்” என்றேன்.

பிப்ரவரி 22, வியாழன்

பாத்திரங்களைக் கழுவி வைத்தேன். வேறு எழுத எதுவும் இல்லை.

பிப்ரவரி 23, வெள்ளி

எழுதுவதாக ஒப்புக்கொண்டேன். ஆகவே எழுதுகிறேன்.

நேற்று ஜன்னலுக்குப் போர்வை கட்டி இருட்டாக்கினோம். கள்ள நோட்டு பார்க்கிற விளக்கைத்தான் வாங்கி வைத்திருந்தேன், அது போதும். முதலில் என் தட்டு. அரளிக்கரட்டு வரிசையில் ஒவ்வொன்றாகப் பச்சை எழும்பி வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. அத்தனை வருஷம் கழித்துப் பார்க்கிறேன். இருந்த இடத்திலேயே இருந்தது. அங்கமுத்து “அட!” என்றார்.

பிறகு எட்வினின் தட்டு. இரண்டு கோடு. எல்லா வரிசையிலும் இரண்டே கோடு. மருந்தை மறுபடி பூசச் சொன்னேன். பூசினார். விளக்கை நானே வாங்கிப் பிடித்தேன். இரண்டுதான்.

கீழே போய்ப் பாத்திரம் கழுவத் தொடங்கினேன். எட்வின் பின்னால் வந்து நின்றார். கழுவும் சத்தத்துக்கு மேல் பேச வேண்டியிருந்தது.

“மேடம், ஒண்ணு சொல்லணும். பசுபதீஸ்வரன் சார் உங்க சாம்பிள மூணு தடவ ஓட்டியிருக்காரு, ராத்திரி ஆள் போனதுக்கப்புறம். எங்கிட்ட சொன்னாரு. ‘வரணும்னுதான்யா ஓட்டுனேன். அந்தப் பொண்ணு உழைச்ச உழைப்புக்கு வந்திருக்கணும். வரல’ன்னாரு.”

அவர் சொன்னதாக எட்வின் சொன்னதை எழுதியிருக்கிறேன். அவ்வளவுதான்.

“போயி உக்காருங்க, தட்டுவடை இருக்கு” என்று எட்வினை அனுப்பிவிட்டேன். குழாயை மூட மறந்துபோய்த் தொட்டித் தண்ணீர் தீர்ந்துவிட்டதாக லோசனி சொல்கிறாள். இருக்கலாம்.

பிப்ரவரி 24, சனி

எட்வின் ரயிலுக்குக் கிளம்புமுன் வந்தார். நான் கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். லோசனியும் வந்து நின்றுகொண்டாள்.

“மேடம், நீங்க தோத்துட்டதா ஏன் நெனைக்கீங்க?”

“ரெண்டு கோடு. எண்ணத் தெரியும் எனக்கு.”

“என் தட்டுல ரெண்டு. உங்க தட்டுல மேட்டூர்க் குரங்குக்கு எத்தன?”

“ரெண்டு.”

“அரளிக்கரட்டுக்கு?”

“மூணு.”

“மாவு பொய் சொல்லுதுன்னா எல்லாருக்கும் சொல்லணும்லா? மேட்டூருக்கு மட்டும் ஏன் உண்மை பேசுது?”

“பஸ்ல கெட்டுப்போன ரத்தம்னு சொன்னாரே.”

“இப்ப எங்க மேடம் பஸ்ஸு? ரெண்டும் ஒரே காலையில, ஒரே பெட்டியில, ஒரே ஐஸ்ல வந்துச்சு. கெட்டிருந்தா ரெண்டும்லா கெட்டிருக்கணும்? அந்தத் தாய்க்கு மூணு. குட்டிக்கும் மூணு. கெட்டுப்போறதா தாய்ட்ட இருந்து பிள்ளைக்குப் போகும்?”

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் இரண்டு நாளாக நினைக்கவில்லை.

“அப்ப உங்க மாவுல ஏன் வரல?” என்றேன்.

“என் மாவு அதப் பிரிக்கல. ரெண்டும் ஒட்டிக்கிட்டு ஒரே கோடா ஓடுது. உருளைக்கிழங்கு மாவுல பாஸ்பேட் உண்டு, உங்க கிழங்குல ரொம்பக் கம்மி. அதனால இருக்கலாம். இது என் ஊகம்.”

“ஊகம்” என்றேன்.

“ஊகம்தான். டிஎன்ஏ பாத்துட்டுச் சொல்லுவேன். ஆனா மேடம், இது நான் நெனச்சதவிடப் பெருசு. உலகமே ஒரு மாவுல பாத்துக்கிட்டு இருந்திருக்கு.”

லோசனி என்னைப் பார்த்தாள். “ஏங்க்கா, அப்ப ரெண்டு பேருமே உண்மையத்தான் சொல்லியிருக்கீங்க?”

“நீ போய் அவருக்குக் காப்பி போடு” என்றேன்.

மார்ச் 4, திங்கள்

ஐஸில் வைத்த மிச்ச இரத்தத்தை நாலு நாளாகத் தனியாக ஓட்டுகிறேன். என் மாவில் மட்டும் இல்லை; எட்வின் விட்டுப்போன டின்னிலிருந்தும். அவர் மாவில் இரண்டு. என் மாவில் மூன்று. எத்தனை முறை ஓட்டினாலும் அதே.

மார்ச் 9, சனி

இரண்டு மாவையும் பாதிப் பாதி கலந்து ஒரு ஜெல் போட்டேன். மூன்றாவது கோடு இரண்டாவதை விட்டுப் பிரியப் பார்க்கிறது, பிரியவில்லை. படம் எடுத்து எட்வினுக்கு அனுப்பினேன். ‘மேடம்!!!’ என்று மட்டும் பதில் வந்தது. இப்படியும் விஞ்ஞானிகள் எழுதுகிறார்கள்.

அங்கமுத்துவின் மனைவி அழைத்து, அவர் இரத்தத்தில் என்ன தெரிந்தது என்று கேட்டாள். மனிதன்தான் என்று சொன்னேன். அவளுக்குத் திருப்தி இல்லை.

மார்ச் 19, செவ்வாய்

ஒன்றும் வரவில்லை. டிஎன்ஏ முடிவைச் சொல்கிறேன். ஊறுகாய் போட எலுமிச்சை நறுக்கினேன்.

மார்ச் 20, புதன்

ஒன்றும் வரவில்லை.

ஏப்ரல் 2, செவ்வாய்

வந்துவிட்டது.

மூன்று கோடு காட்டிய எல்லாக் குரங்குகளிலும், அந்த மரபணுவில் ஒரே இடத்தில் ஒரே எழுத்து மாறியிருக்கிறது. இரண்டு கோடு காட்டியவற்றில் ஒன்றில்கூட அந்த மாற்றம் இல்லை. தாய்க்கும் குட்டிக்கும் அதே மாற்றம். மின்சாரத்தில் வேகத்தை மாற்றக்கூடிய வகை மாற்றம் இல்லையாம் அது. அதனால்தான் வழக்கமான ஜெல் எதிலும் அகப்படாமல் இருந்திருக்கிறது. என் மாவில் ஏன் அகப்படுகிறது என்பதை இனிமேல்தான் பார்க்க வேண்டும் என்கிறார் எட்வின். ‘பார்க்க வேண்டும்’ என்ற வார்த்தையைக் கேட்டு எத்தனை நாள் ஆயிற்று!

“மேடம், அழுறீங்களா?” என்றார் தொலைபேசியில்.

“எலுமிச்சை நறுக்கறேன்.”

எலுமிச்சை போன மாதமே தீர்ந்துவிட்டது. அது அவருக்குத் தெரியாது.

லோசனி கேட்டவுடன் கோயிலுக்குப் போகிறேன் என்றாள். எந்தக் கோயில் என்றேன். “அரளிக்கரடு. அந்தக் குரங்குங்களுக்கு ஒரு சீப்புப் பழம் போட்டுட்டு வரேன்” என்றாள். போடக் கூடாது, அதனால்தான் பையைப் பிடுங்கப் பழகின என்று கண்டித்தேன். சர்க்கரைப் பொங்கல் செய்துகொடுத்தாள். இனிப்பு சரியாக இருந்தது.

ஏப்ரல் 4, வியாழன்

பசுபதீஸ்வரனை அழைத்தேன். எண் எட்வின் கொடுத்தது. மகள் எடுத்து அவரிடம் கொடுத்தாள். பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோல அவர் குரல் தெளிவாகக் கேட்டது.

“யாரு, திரிபுராவா? எட்வின் சொன்னான்மா. வந்துருச்சா அந்தக் கோடு?”

“எப்பவும் வந்துகிட்டுதான் இருந்தது சார்.”

“ஆமா, ஆமா.” சிரித்தார். “எனக்கு வரலியேம்மா. மூணு தடவ பாத்தேன். உன் மாவுல ஒரு தடவ நானே ஓட்டியிருக்கணும். அது எனக்குத் தோணவே இல்ல பாரு. சேகோ மாவுதானேன்னு இருந்துட்டேன்.”

“ம்.”

“கண்ணு இப்ப மங்கிப் போச்சு. வெளிச்சமா இருந்தாத் தெரியும். அந்தக் கோடு நல்லா வெளிச்சமாத்தான இருக்கும்?”

“நல்லா இருக்கும் சார்.”

“ஏம்மா, ஒண்ணு கேக்கறேன். அந்த டின்ன நீ ஒரு தடவ கேட்டிருந்தா, குடுத்திருப்பேனே. ஏன் கேக்கவே இல்ல?”

லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 7, ஞாயிறு

மேற்கொண்டு ஆக வேண்டியவை. யாரும் மறந்தேன் என்று சொல்ல முடியாதபடி எழுதி, எல்லோருக்கும் ஒரு நகல் அனுப்புகிறேன்.

எட்வின் தேவசகாயம் தன் வரியை அழித்தால் போதாது. திருத்தம் அதே இதழில், அதே அளவு எழுத்தில் வர வேண்டும். ‘ஒரு பணியாளர்’ இருந்த இடத்தில் என் பெயரை, முதலெழுத்தோடு, பிழையில்லாமல் போட வேண்டும். புதுக் கட்டுரையில் ‘உள்ளூர் மாவு’ என்று எழுதக் கூடாது. சேலம் குச்சிக்கிழங்கு மாவு என்று எழுதி, பதப்படுத்தும் நேரத்தையும் நான் கொடுத்தபடியே கொடுக்க வேண்டும். பாஸ்பேட் பற்றியது ஊகம் என்றால் ஊகம் என்றே எழுத வேண்டும். அடுத்த மாதத்துக்குள் நிலக்கடலை மாவு, அரிசி மாவு என்று எதையாவது வைத்துக்கொண்டு என்னிடம் வரக் கூடாது. முதலில் உருளைக்கிழங்கும் குச்சிக்கிழங்கும் முடியட்டும்.

அங்கமுத்து, இன்னும் கூண்டில் இருக்கும் அந்தத் தாயையும் குட்டியையும் அரளிக்கரட்டிலேயே, அவற்றின் கூட்டத்திடமே கொண்டுபோய் விட வேண்டும். இதுவரை பிடித்த மற்றவற்றையும்தான். தூரக் காட்டுக்கு மாற்றுவதை நிறுத்தச் சொல்லி வனத்துறைக்கு அவரும் எட்வினும் சேர்ந்து எழுத வேண்டும். டிஎன்ஏ முடிவை இணைக்க வேண்டும். பக்தர்களின் பைகளுக்கு வேறு வழி பார்க்கலாம்.

கோயில் நிர்வாகம் மலையடிவாரத்தில் பழக்கடை போடுவதைத் தடுக்க வேண்டும். லோசனி தானும் பழம் கொண்டுபோகாமல் இருக்க வேண்டும். அடுப்பில் ஓர் அடுப்பு மழைக்காலம் வரை என்னுடையது என்பதை அவள் ஒப்புக்கொள்ள வேண்டும். தொட்டித் தண்ணீரை நான் பார்த்துக்கொள்கிறேன்.

டாக்டர் பசுபதீஸ்வரன் மூன்று தடவை ஓட்டியதையும், மூன்று தடவையும் ஒன்றும் வராததையும் எழுத வேண்டும். கை ஓடாவிட்டால் அவர் சொல்ல மகள் எழுதட்டும். உருளைக்கிழங்கு மாவு அந்தக் கோட்டைக் காட்டாது என்பதை முதலில் பார்த்தவர் அவர்தான். எது என்று தெரியாமலே பார்த்திருக்கிறார். அதுவும் ஆய்வுதான். அது இல்லாமல் என் கட்டுரை பாதிக் கட்டுரை. ஆகவே அவர் பெயரும் அதில் இருக்க வேண்டும். என் பெயருக்கு அடுத்து.

நான் வெள்ளிக்கிழமை காலை கோவை பஸ் ஏற வேண்டும். மின்சாரப் பெட்டி, தட்டு, விளக்கு, இரண்டு மாவும், அங்கமுத்து தரும் இரத்தமும் ஐஸில். பசுபதீஸ்வரனின் மகள் ஓர் அறையின் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டி வைக்க வேண்டும். அந்த இருட்டில் அவரை உட்காரவைத்து, தட்டை அவர் முகத்துக்கு எவ்வளவு கிட்டக் கொண்டுபோக வேண்டுமோ அவ்வளவு கிட்டக் கொண்டுபோய் விளக்கைப் பிடிப்பேன். டின் பற்றி அவர் மறுபடி கேட்டால், அங்கே லைன் சரியில்லை என்று சொல்ல முடியாது. பதில் சொல்ல வேண்டும்.

அதுவரை அவர் நேரத்துக்குச் சாப்பிட்டு, மாத்திரை போட்டு, உயிரோடு இருக்க வேண்டும். இது வேண்டுகோள் இல்லை.